சாத்திய ஜன்னல்

கேள்வி: எனக்கு 36 வயது. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு நான்கு வருடங்களாகப் பள்ளிக்கூடங்களிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் டெலஸ்கோப் வைத்து மக்களுக்கு வானத்தைக் காட்டி வருகிறேன். வருமானம் சொற்பம், வாடகை மனைவியின் சம்பளத்தில் ஓடுகிறது. 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்தன்று கடற்கரையில் நல்ல கூட்டம். (மனைவிக்கு அப்போது ஏழு மாதம். அம்மா அவளை அறையை விட்டு வெளியே விடவில்லை. வீட்டில் சண்டை வேண்டாமென்று நான் சாயங்காலமே கிளம்பிவிட்டேன்.) இப்போது குழந்தைக்கு இரண்டு மாதம். பழைய கம்பெனியில் திரும்பக் கூப்பிடுகிறார்கள். பிடித்த பணியை விடுவதா, குடும்பத்துக்காக வேலைக்குப் போவதா?
- வேளச்சேரி வாசகர்

பதில்: தம்பி, பிடித்த வேலையா குடும்பமா என்று கேட்டு எனக்கு வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பீரோ நிறைந்திருக்கும். டெலஸ்கோப் மட்டும் புதுசு. ஆகவே கேள்வி கொஞ்சம் காத்திருக்கட்டும். நீங்கள் அடைப்புக்குறி போட்டு ஓரமாக ஒதுக்கி வைத்தீர்களே, அந்த மூன்று வாக்கியங்களுக்கு வருகிறேன்.

அன்று இரவு 9.57க்குப் பிடித்த கிரகணம் விட்டது 1.26க்கு. மூன்றரை மணி நேரம். ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண், ஜன்னல் சாத்திய அறையில், செப்டம்பர் மாதப் புழுக்கத்தில். தண்ணீராவது குடித்தாரா? நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அதே நேரம் நீங்கள் கடற்கரையில் என்ன சொல்லிக்கொண்டிருந்திருப்பீர்கள்? நிலா பூமியின் நிழலுக்குள் போகிறது. நம் காற்றுமண்டலம் வளைத்து அனுப்புகிற சிவப்பு வெளிச்சம் மட்டும் அதன்மேல் விழுவதால் செம்பு நிறம். வெறும் கண்ணாலேயே பார்க்கலாம், பிள்ளைத்தாய்ச்சிகளும் பார்க்கலாம். கூட்டத்தில் மாசமான பெண் யாராவது வந்திருந்தால் நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பீர்கள். ஊரார் வீட்டுப் பெண்ணுக்கு நாற்காலி, கட்டினவளுக்குத் தாழ்ப்பாளா?

‘சண்டை வேண்டாமென்று’ என்கிறீர்கள். நழுவினேன் என்று எழுதுங்கள், சரியாக இருக்கும்.

1980 பிப்ரவரி 16 சூரிய கிரகணத்தின்போது நான் ஆறு மாதம். திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம். மத்தியானம் தெருவில் ஈ காக்கை இல்லை. மாமியார் என்னை உள்ளே படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லித்தரும் வாத்தியாரான என் கணவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். மாமியார்மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. அவர் நம்பினார், பயந்தார், செய்தார். நம்பாத மனுஷர் பேப்பர் புரட்டிய சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது.

அம்மாவை எதிர்த்துக் கத்தச் சொல்லவில்லை. பேரப்பிள்ளைக்குக் குறை வந்துவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. அவர் பட்டினி இருக்கட்டும், ஜபம் செய்யட்டும், விட்ட பிறகு தலைமுழுகட்டும். அதில் நாம் தலையிட முடியாது. இன்னொருத்தியின் தாகத்தில் அவர் தலையிடுவது வேறு விஷயம். அதைச் சொல்ல வேண்டியது மருமகள் இல்லை, மகன். அவள் சொன்னால் வாயாடி என்று பெயர் வரும். நீங்கள் சொன்னால் அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதானே? பிள்ளையாய்ப் பிறந்தவன் அந்த இரண்டு நாளைத் தாங்கத்தான் வேண்டும்.

உங்கள் தொழிலுக்கு இதே ஊரில் ஒரு முன்னோடி உண்டு. நுங்கம்பாக்கத்து மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற, வெளிச்சம் கூடிக் குறைகிற விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874 டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கப்போகிறது என்றதும், சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி நம் நாட்டு மொழிகளில் கையேடு போட்டார். அதோடு விடவில்லை, புதிய கணக்குப்படி திருத்திய பஞ்சாங்கமும் வெளியிட்டார். பஞ்சாங்கம் வீட்டில் எங்கே இருக்கும்? பூஜை அலமாரியில். மனிதர் அதுவரைக்கும் போயிருக்கிறார். நீங்கள் டெலஸ்கோப்பை உங்கள் வீட்டு வாசல்படி தாண்டி உள்ளே கொண்டுபோகவில்லை.

சரி, வேலை. வாடகை யார் சம்பளத்தில் ஓடுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் இதை முதலில் கேட்க வேண்டியது அவரிடம். கேட்டதாகக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. கைக்குழந்தையோடு இருப்பவர் ‘போங்கள்’ என்றால் போங்கள். வானம் சனி, ஞாயிறிலும் இருக்கும். ‘நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் செய்யுங்கள்’ என்றால், அந்த வார்த்தைக்கு நீங்கள் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

வருகிற 2026 மார்ச் 3 மறுபடியும் சந்திர கிரகணம். சென்னையில் அன்று நிலா எழும்போதே கிரகணம் பிடித்தபடிதான் எழும், 6.47க்கு விட்டுவிடும். கடற்கரையில் கூட்டம் கூடும், உங்களையும் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். டெலஸ்கோப்பை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கிழக்கே அடுக்குமாடி மறைத்தால் மறைக்கட்டும். மனைவியையும் குழந்தையையும் கூட்டிப் போங்கள், அம்மாவையும் கூப்பிடுங்கள். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பால் கொடுக்கிற பெண்ணுக்குத் தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும். 6.47 ஆகட்டும் என்று காத்திருக்காமல், அம்மா பார்க்க, ஒரு சொம்புத் தண்ணீர் உங்கள் கையால் கொண்டுபோய்க் கொடுங்கள்.