59, 28: தனியாளின் வானொலிப் போட்டி

வணக்கம் ஐயா,

வானொலிப் போட்டிகளைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்தேன். பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். அண்மையில்தான் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றேன். ஒரு போட்டியைக் கேட்டுப் பார்த்தேன். ஆயிரக்கணக்கானோர் ‘ஐம்பத்தொன்பது, இருபத்தெட்டு’ என்பதுபோல் எண்களை மட்டும் சொல்லிவிட்டுப் பிரிந்துபோகிறார்கள். இதை உரையாடல் என்று கொள்ள முடியுமா? ஊர் ஊராக ஆன்டெனாக் கோபுரம் நிறுத்தியிருப்பவர்கள் நடுவே, நூறு வாட் கருவியும் ஒரு கம்பியும் வைத்திருப்பவர் இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து எதைச் சாதிக்கிறார்? அறையில் தனித்திருப்பவர் இணையத்தின் உதவியை நாடவில்லை என்பதை யார் அறிவார்? என் மனைவியோ, தீபாவளிக் காலத்தில் இதெல்லாம் நடக்காது என்று இப்போதே சொல்லிவிட்டார்.

— வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள ஐயா,

முதல் கேள்விக்கு விடை எளிது: அது உரையாடல் அல்ல. குறித்த நேரத்துக்குள் உலகெங்கும் உள்ள நிலையங்களை இயன்றவரை அதிகமாகத் தொடர்புகொள்ளும் போட்டி அது. அதை உரையாடல் என்று நிறுவ முயல்கிற நண்பர்கள் எனக்கும் உண்டு. அவர்களோடு நான் உடன்படுவதில்லை. அந்த எண்களில் 59 என்பது ‘உங்கள் குரல் மிகத் தெளிவாகவும் வலுவாகவும் கேட்கிறது’ என்பதைக் குறிக்கும் அறிக்கை. இரைச்சலுக்கடியில் முனகலாக வந்த நிலையத்துக்கும், மூன்று முறை திரும்பச் சொல்லவைத்த நிலையத்துக்கும் எல்லோரும் 59 என்றே சொல்கிறார்கள். உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஒரு மரியாதைப் பொய் அது. 28 நம் மண்டல எண். உலகம் 40 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதில் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகியவை அந்த மண்டலத்தில் வருகின்றன. எதிர்முனையில் இருப்பவருக்கு நம் நிலையத்தின் அடையாளமாகிய அழைப்புக்குறி தெரிந்துவிட்டால் மண்டலத்தையும் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஆகவே உண்மையில் பரிமாறப்படும் ஒரே செய்தி அழைப்புக்குறிதான். அதில் ஓர் எழுத்தைத் தவறாகப் பதிந்தால் அந்தத் தொடர்பு நீக்கப்படுவதோடு, அதன் புள்ளிகளைப் போல இரு மடங்கு தண்டமாகவும் கழிக்கப்படும். கேட்பதைத்தான் இந்தப் போட்டி சோதிக்கிறது, பேசுவதை அல்ல.

தாங்கள் கேட்டது பெரும்பாலும் சிகியூ உலகளாவிய போட்டியாக (CQ World Wide) இருக்கவேண்டும். குரல் வழிப் போட்டி அக்டோபரின் கடைசி முழு வார இறுதியிலும், மோர்ஸ் வழிப் போட்டி நவம்பரின் கடைசி முழு வார இறுதியிலும் நடைபெறுகின்றன. உலகப் பொது நேரப்படி சனிக்கிழமை பிறக்கும் நள்ளிரவில் தொடங்கி 48 மணி நேரம் நீளும் இப்போட்டி, நம் நாட்டில் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கித் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முடிகிறது. போட்டி முடிந்து ஐரோப்பியர் நள்ளிரவில் படுத்து உறங்கப் போகும்போது, கோலாலம்பூரில் இருப்பவர் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்ப வேண்டும். தாங்கள் ஓய்வுபெற்றவர் என்பதை நான் சற்றுப் பொறாமையோடுதான் வாசித்தேன்.

இனி தங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். என் விடை முழுவதும் அதில்தான் இருக்கிறது. பலர் சேர்ந்து இயக்கும் நிலையத்தில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஓர் ஆள் இருப்பார். ஒருவர் உறங்கும்போது மற்றொருவர் இருக்கையில் அமர்வார். தனியாள் பிரிவில் கேட்பது, அழைப்பது, பதிவது எல்லாம் ஒருவரே. 160, 80, 40, 20, 15, 10 மீட்டர் என ஆறு அலைவரிசைகள் திறந்திருக்க, அவர் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்க முடியும். ஒவ்வொரு காதிலும் ஒரு வானொலியைக் கேட்டுக்கொண்டு இரண்டு கருவிகளை இயக்கும் வல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு நொடியில் ஒன்றில்தான் குரல் கொடுக்கலாம். எனவே தனியாள் எந்த இடத்தில் இருந்தாலும் மற்ற ஐந்து இடங்களை இழந்துகொண்டே இருக்கிறார். எதை இழப்பது என்று ஒவ்வொரு மணி நேரமும் முடிவெடுப்பதே அவருடைய ஆட்டம். கோபுரம் உள்ளவர் அந்த முடிவைச் சற்று அலட்சியமாக எடுத்தாலும் தப்பித்துக்கொள்வார். நூறு வாட் காரருக்கு அந்தச் சலுகை இல்லை.

மேற்கு மலேசியாவில் இருப்பவருக்கு இந்த முடிவுகள் விசித்திரமானவை. வேறு கண்டத்து நிலையத்துக்கு மூன்று புள்ளிகள். அதே கண்டத்தின் வேறு நாட்டுக்கு ஒரு புள்ளி. சொந்த நாட்டுக்குப் புள்ளியே இல்லை. அமெச்சூர் வானொலிக் கணக்கில் தீபகற்ப மலேசியா ஆசியா. இந்தோனேசியா முழுவதும் ஓசியானியா. சபாவும் சரவாக்கும் தனி நாடாகவும் ஓசியானியாவாகவும் எண்ணப்படுகின்றன. ஆகவே பினாங்கிலிருந்து நீரிணைக்கு அப்பால் சுமத்ராவில் இருக்கும் மேடானைப் பிடித்தால் மூன்று புள்ளிகள். ஐயாயிரம் கிலோமீட்டர் தாண்டி டோக்கியோவைப் பிடித்தால் ஒன்று. சபாவின் கோத்தா கினபாலுவுக்கும் மூன்று. சென்னைக்கு ஒன்றுதான், நம் உணர்வு எப்படியிருந்தாலும். இதில் நியாயம் தேடிப் பயனில்லை. ஆனால் இது தெரிந்தவருக்குக் காலை நேரத்தின் சோதனை புரியும். ஜப்பானிய நிலையங்கள் வரிசையில் நின்று ஒழுங்காக அழைக்கும். எண்ணிக்கை விறுவிறுவென ஏறும். ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. அதே வேளையில் அமெரிக்க மேற்குக் கரை 10, 15 மீட்டரில் மெல்லிய குரலில் கேட்கும். பிடிப்பது கடினம், ஒவ்வொன்றுக்கும் மூன்று. இதோடு, மொத்தப் புள்ளிகளை ஒவ்வொரு அலைவரிசையிலும் பிடித்த நாடுகள், மண்டலங்கள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையால் பெருக்குகிறார்கள். ஆகையால் புதிய நாடு ஒன்று சில வேளைகளில் பல ஜப்பானியத் தொடர்புகளுக்கு ஈடாகும்.

ஓரிடத்தில் நிலைத்து நின்று அழைத்துக்கொண்டிருப்பதா, அலைவரிசை நெடுகத் தேடிப் போவதா என்பது அடுத்த முடிவு. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கடை விரித்துக் கூவுவதற்கும், சந்தை முழுவதும் நடந்து வேண்டியதை வாங்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. வலுவான நிலையம் கடை விரிக்கும். தங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் நடக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நாம் அரிதான முகவரிக்காரர்கள். 9எம்2, 9டபிள்யூ2 எனத் தொடங்கும் அழைப்புக்குறிகளோடு போட்டியில் இறங்குவோர் குறைவு. ஐரோப்பாவில் இருப்பவருக்கு நாம் ஒரு ‘பெருக்கி’, அதாவது மொத்தப் புள்ளிகளைப் பெருக்கித் தரும் ஒரு புதிய நாடு. போட்டியின் இரண்டாம் நாள் பிற்பகலில், பெரிய நிலையங்கள் புதிதாக யாரும் கிடைக்காமல் தவிக்கும் வேளையில், 15 மீட்டரின் மேல் ஓரத்தில் ஓர் இடைவெளியைப் பிடித்துக்கொண்டு அழைத்துப் பாருங்கள். நூறு வாட்டுக்கும் கூட்டம் சேரும்.

அந்தப் பிற்பகல்தான் நம் நாட்டுத் தனியாளுக்கு மிகப் பெரிய சிக்கலும்கூட. நம் மூன்று மணி ஐரோப்பாவின் காலை வேளை. அங்கே சூரியன் எழுந்து 10, 15 மீட்டர்கள் நம்மை நோக்கித் திறக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையோரத்தில் இடியும் மின்னலும் வந்து இறங்கும் நேரமும் அதுவே. மூன்று புள்ளித் தொடர்புகள் மழையாகப் பொழியும்போது ஆன்டெனா வடத்தைக் கழற்றுவது வேதனைதான். இருந்தாலும் இதில் விவாதத்துக்கு இடமே இல்லை: முதல் உறுமல் கேட்கும்போதே கழற்றிவிட வேண்டும். இடியின் இரைச்சல் 160, 80, 40 மீட்டர் ஆகிய கீழ் அலைவரிசைகளில் இரவு முழுவதும் வெடித்துக்கொண்டிருக்கும். அதற்கிடையே 80 மீட்டரில் ஓர் ஐரோப்பிய அழைப்புக்குறியின் கடைசி எழுத்தைப் பிடிக்க முயல்வதைப் போலக் காதுக்குக் கடினமான வேலை வேறில்லை.

உறங்குவது எப்போது என்பதைக்கூடச் சூரியனே தீர்மானிக்கிறது. இரவு நமக்கு விலைமதிப்பு மிக்கது. வானலைகளைத் திருப்பியனுப்பும் அயனிமண்டலத்தில், பகலில் கீழ் அலைவரிசைகளை உறிஞ்சிவிடும் கீழடுக்கு, சூரியன் மறைந்ததும் கரைந்துவிடுகிறது. நம் மாலை ஏழு மணி, வட அமெரிக்காவின் கிழக்கில் விடியற்காலை. ஒரு முனையில் அந்தியும் மறுமுனையில் வைகறையுமாக நிற்கும் அந்தக் குறுகிய நேரத்தில் 40 மீட்டரில் அவர்கள் கேட்கக்கூடும். பின்னிரவு, ஐரோப்பாவின் மாலை. காலை ஏழு மணிக்கு, இங்கே வைகறையும் அங்கே நள்ளிரவுமாக, ஐரோப்பாவோடு மீண்டும் ஒரு வாய்ப்பு. அப்படியானால் எஞ்சுவது நண்பகல்தான். ஐரோப்பா உறங்குகிறது, அமெரிக்கா உறங்கப் போகிறது, அண்டை நாடுகள் மட்டுமே கேட்கின்றன. உச்சி வெயிலில், கதவைச் சாத்தி, மின்விசிறிக்கடியில் ஒன்றரை மணி நேரம் உறங்குவதே இங்குள்ள தனியாளின் நடைமுறை. ஐரோப்பியர் எழுதிய அறிவுரைகளைப் பின்பற்றி இரவில் உறங்குபவர் தம் புள்ளிகளைத் தூங்கியே தொலைக்கிறார்.

நம் இடத்துக்கென்று ஒரு கொடையும் உண்டு. புவிக் காந்த நடுக்கோடு பினாங்குக்குச் சற்று வடக்கே, தென் தாய்லாந்தின் வழியாகச் செல்கிறது. அதன் இருபுறமும் அயனிமண்டலம் தடித்திருப்பதால், சூரியப்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் 10 மீட்டர் இருட்டிய பிறகும் சில நேரம் உயிரோடு இருக்கும். மற்றொன்று: பினாங்குக்கு நேர் எதிரே, புவியின் மறுபக்கத்தில் இருப்பது வட பெரு. அங்கே போக எந்தத் திசையும் ஏறத்தாழ ஒரே தொலைவுதான். திருப்ப முடியாத கம்பியை வைத்திருப்பவர் அங்கே சுழலும் ஆன்டெனாக்காரருக்குப் பெரிதும் பின்தங்கியவர் அல்லர்.

மூன்றாவது, நேர்மை பற்றிய கேள்வி. யார் எந்த அலையெண்ணில் இருக்கிறார் என்று இணையத்தில் உடனுக்குடன் வரும் அறிவிப்புகளைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டதன்று. அதற்கு உதவியுடன் இயங்கும் தனியாள் என்றே தனிப் பிரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்திவிட்டு உதவியில்லாத பிரிவில் தம் தொடர்புகளின் பதிவேட்டை அனுப்புவதுதான் ஏமாற்று. பதிவேடுகள் கணினியில் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. பின்னர் பொதுவில் வெளியிடப்படுகின்றன. முன்னிலைக்குப் போட்டியிடுவோர் தம் ஒலிப்பதிவை வைத்திருந்து, கேட்டால் தரவேண்டும். அறிவிப்பு வந்த மறு நிமிடமே அந்த நிலையத்தைப் பிடிக்கும் பழக்கம் பதிவேட்டில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இவ்வளவுக்குப் பிறகும் ஓர் இடைவெளி இருக்கத்தான் செய்யும். அதை நான் குறையாகக் கருதுவதில்லை. சென்ற ஆண்டு நான் எந்த மணியில் தவறான அலைவரிசையில் இருந்தேன் என்பதை அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ள எனக்கு வேண்டியது என்னுடைய உண்மையான பதிவேடு. இரவல் காதால் நிரப்பிய பதிவேடு எனக்கு எதையும் கற்றுத்தராது.

தீபாவளி பற்றி: தங்கள் துணைவியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2016-இல் தீபாவளி போட்டியின் சனிக்கிழமையிலும், 2019-இல் ஞாயிற்றுக்கிழமையிலும் வந்தது. அத்தகைய ஆண்டுகளில் 48 மணி நேரத்தைக் கனவுகூடக் காணாதீர்கள். ஒரே கருவி, வெளி உதவி இல்லை, அதிகபட்சம் 24 மணி நேரம் என்னும் துணைப் பிரிவு ஒன்று இருக்கிறது. விருந்தினர் வரும் வேளைகளை விட்டுவிட்டு மீதியிலிருந்து தங்கள் 24 மணியைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இடைவேளைகளே ஓய்வாகக் கணக்கிடப்படும். எனக்குப் பிடித்த பிரிவும் இதுதான், ஏனெனில் இங்கே தேர்வு இன்னும் கடுமையாகிறது.

அதற்கு முன் பழகிக்கொள்ள, ஜப்பான் அமெச்சூர் வானொலிக் கழகம் செப்டம்பரில் நடத்தும் அனைத்து ஆசியக் குரல் போட்டியில் இறங்குங்கள். தங்கள் உரிம வகுப்புக்கு எந்த அலைவரிசைகள், எவ்வளவு ஆற்றல் என்பதை மட்டும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் விதிகளில் முதலில் பார்த்துவிடுங்கள். ஏறத்தாழ பத்து மீட்டர் நீளமுள்ள கம்பி 20 மீட்டர் அலைவரிசைக்கான டைபோல் என்னும் எளிய ஆன்டெனாவுக்குப் போதும். மாடியின் கைப்பிடிச் சுவரோரம் கட்டலாம். மின்தூக்கி இயந்திரத்திலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுகிறீர்களோ அவ்வளவு இரைச்சல் குறையும். அந்தப் போட்டியில் 59-க்குப் பின் மண்டல எண்ணுக்குப் பதிலாக இயக்குபவரின் வயதைச் சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து எழுபதுகளும் எண்பதுகளும் தெளிவான குரலில் வந்துகொண்டே இருக்கும், தங்கள் எண்ணைச் சொல்ல எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை. முடிந்ததும், தொடர்புகள் பத்தே ஆனாலும், பதிவேட்டை மறவாமல் அனுப்பிவையுங்கள்; அந்தப் பத்துப் பேரின் பதிவுகளும் தங்களுடையதோடுதான் சரிபார்க்கப்படும்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து