நட்டத்தில் ஓடும் கம்பெனிக்கு ஆராய்ச்சிச் சலுகை உண்டா?

அண்ணே, மண்டபத்தில் கடற்பாசி உரம் செய்யும் உங்கள் கம்பெனி நட்டத்தில் ஓடுவதால் ஆராய்ச்சிச் செலவுக்கு வரிச்சலுகை கிடையாது என்று யாரோ சொன்னார்களாம். அப்படியெல்லாம் இல்லை. வருமான வரிச் சட்டத்தில் ஆராய்ச்சிச் செலவுக்கான பிரிவு லாபம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. ஆராய்ச்சி உங்கள் தொழிலைச் சேர்ந்ததா என்றுதான் பார்க்கும். சாறு பிழிந்து பார்க்க வாங்கிய மிஷின், சோதனைக்கு எடுத்த பாசி, ஆய்வக ஆள் சம்பளம் எல்லாம் வருமானத்திலிருந்து கழிக்கலாம். நிலம் மட்டும் சேராது.

சிக்கல் வேறு. வரியே இல்லாத வருஷத்தில் கழித்து என்ன கைக்கு வரும்? ரொக்கமாக யாரும் தரமாட்டார்கள். மிஷின் மாதிரி மூலதனச் செலவில் கழிக்க முடியாமல் மிஞ்சியதை வருஷ வரம்பில்லாமல் அடுத்தடுத்த வருஷங்களுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். தொழில் நட்டத்தை 8 வருஷம். ஆனால் வருமான வரி ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போடாவிட்டால் அந்த 8 வருஷம் போச்சு. ஆடிட்டர் பீஸுக்கு யோசித்துப் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அப்புறம், 150 சதவீதக் கழிவு, அதாவது செலவைப் போல ஒன்றரை மடங்கு கழிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அது 2020 மார்ச்சோடு முடிந்துவிட்டது.