வலி அடங்கினால் குழந்தை குடிக்கும்

கேள்வி: என் மகளுக்கு ஒன்றே கால் வயது. மூன்று நாட்களுக்கு முன் காய்ச்சல் வந்தது. மறுநாள் உள்ளங்கையிலும் பாதத்திலும் வாயைச் சுற்றியும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, "கை, கால், வாய் நோய். வைரஸால் வருவது, தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்லிப் பாராசிட்டமால் சிரப் மட்டும் எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் நேற்றிலிருந்து எதையும் சாப்பிடவில்லை. தாய்ப்பாலுக்கு ஆசையாக வருகிறாள். இரண்டு முறை உறிஞ்சியதும் வீறிட்டு அழுது என்னைத் தள்ளிவிடுகிறாள். கீழே இறக்கினால் ஒரே அழுகை. இரவெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன். இப்படித் தூக்கியே வைத்திருந்தால் அதுவே பழக்கமாகிவிடும் என்கிறார் மாமியார். ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் வேறு மருத்துவரிடம் போகலாமா என்கிறார் கணவர். நான் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளுக்குப் பசி இருக்கிறது, தாகம் இருக்கிறது, நீங்களும் வேண்டும். அதனால்தான் பாலுக்கு வருகிறாள். வாய்க்குள் இருக்கும் புண்கள் அவளைக் குடிக்க விடுவதில்லை. தோலில் தெரியும் புள்ளிகளைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். இந்த நோயில் குழந்தையை வாட்டுவது நாக்கிலும், கன்னத்தின் உட்புறத்திலும், தொண்டைக்கு முன்னால் உள்ள மேலண்ணத்திலும் வரும் புண்கள்தான். நாக்கு நுனியில் ஒரே ஒரு புண் வந்தால் பெரியவர்களான நாமே ஒரு வாய்ச் சோற்றுக்குத் தயங்குகிறோம். அவளுக்கு அப்படிப் பல புண்கள் இருக்கலாம். எங்கே வலிக்கிறது என்று சொல்ல வார்த்தையும் இல்லை. பால் உறிஞ்சும்போது நாக்கும் அண்ணமும் அழுந்துகின்றன. அந்த இடத்தில்தான் அவள் வீறிடுகிறாள்.

ஆகவே சாப்பாட்டைப் பற்றிய கவலையை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் வலி அடங்க வேண்டும். வலி அடங்கினால் குடிப்பாள். குடித்தால் போதும், சாப்பாடு தானாகத் திரும்பும்.

காய்ச்சல் போய்விட்டதால் பாராசிட்டமாலையும் நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. அது காய்ச்சல் மருந்து மட்டுமல்ல, வலி மருந்தும்கூட. உடல் சூடு இல்லாவிட்டாலும் வாய்ப்புண் வலிக்காக அதைக் கொடுக்கலாம். அளவு எடையைப் பொறுத்தது: ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தை என்றால் 100 முதல் 150 மில்லிகிராம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் விட வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. சிரப்பின் செறிவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். எத்தனை மில்லி என்பதை உங்கள் கையில் இருக்கும் பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் இருவர் மாறி மாறிக் கொடுப்பதாக இருந்தால், கொடுத்த நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். தூக்கமில்லாத வீட்டில் ஒரே வேளை மருந்தை இருவரும் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு.

மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்துக் குடிக்கக் கொடுத்துப் பாருங்கள். அந்த நேரத்தைத் தவற விடாதீர்கள். நன்றாக விழித்திருக்கும்போது மறுக்கும் குழந்தை, தூக்கக் கலக்கத்தில் மார்பில் சில நிமிடங்கள் குடித்துவிடும். அப்போதும் முடியவில்லை என்றால் பாலைப் பீய்ச்சி எடுத்து, குளிர வைத்து, சிறு கிண்ணத்திலோ ஸ்பூனிலோ கொடுங்கள். குளிர்ச்சி புண்ணைச் சற்று மரக்கச் செய்யும். அதற்கு உறிஞ்சவும் தேவையில்லை. ஸ்பூனையும் தட்டிவிட்டால், மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உட்கார்ந்த நிலையில் கொடுங்கள், அழுதுகொண்டிருக்கும்போது வேண்டாம். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒரு ஸ்பூன் என்று கொடுத்தாலும் ஒரு மணி நேரத்தில் கணிசமான அளவு உள்ளே போய்விடும். ஒரே மூச்சில் ஒரு டம்ளரைக் காலி செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தால் அழுகைதான் மிஞ்சும்.

அவள் குடிக்காத நாட்களில் பாலைப் பீய்ச்சுவது உங்களுக்காகவும்தான். மார்பில் பால் கட்டிக்கொண்டால் உங்களுக்கும் வலியும் காய்ச்சலும் வரும், பால் சுரப்பும் குறையும்.

தண்ணீர், பால், உப்பு சர்க்கரைக் கரைசல் எது இறங்குகிறதோ அது. புளிப்பான பழச்சாறு, உப்பும் காரமும் உள்ளவை, சூடானவை புண்ணில் பட்டால் எரியும். சாப்பிட ஆசைப்பட்டால் குளிர்ந்த தயிர், மசித்த வாழைப்பழம் போல மென்மையானது எதுவும் கொடுக்கலாம். வாயைத் திறந்து திணிக்க வேண்டாம். ஒரு முறை திணித்தால், அடுத்த முறை ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வாள்.

இனி, தூக்கி வைத்திருப்பது பற்றி. தயங்காமல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்று மருத்துவரிடம் இல்லை. காக்ஸாக்கி வைரஸ் போன்ற என்டிரோ வைரஸ்களால் வருவது இது. பெரும்பாலான குழந்தைகளின் உடலே ஏழு முதல் பத்து நாட்களுக்குள் அதை வென்றுவிடும். அதுவரை அந்த உடலுக்கு வேண்டியது நீரும் தூக்கமும். இரண்டும் உங்கள் அணைப்பில்தான் அவளுக்கு எளிதாகக் கிடைக்கின்றன. தனியே படுக்க வைத்து அழவிட்டால் வாய் வறண்டு புண் இன்னும் எரியும். உங்கள் தோளில் அவள் மூச்சு சீராகிறது, கண் செருகுகிறது. மருத்துவர் எதுவும் செய்யவில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது. இரவெல்லாம் நீங்கள் செய்துகொண்டிருப்பதுதான் இந்த நோய்க்கான சிகிச்சை.

உங்கள் மாமியாரின் கவலையையும் நான் ஒதுக்கவில்லை. நோய் போன பிறகும் சில இரவுகள் உங்களைத் தேடி எழுந்து அழத்தான் செய்வாள். அப்போது பழைய தூங்கும் நேரத்துக்கும் பழைய வழக்கத்துக்கும் மெல்ல மெல்லத் திரும்பினால் போதும், அவளும் திரும்பிவிடுவாள். நோயுற்ற நாட்களில் தூக்கியதால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போவதில்லை என்று அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். கூடவே, "ஒரு மணி நேரம் நீங்கள் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள் அத்தை, நான் தூங்குகிறேன்" என்று கேளுங்கள். கணவரிடமும் கேளுங்கள். முன்னிரவு அவருக்கு, பின்னிரவு உங்களுக்கு என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் தொடர்ச்சியாகச் சில மணி நேரத் தூக்கம் கிடைக்கும். கண்ணை மூடினால் விழுந்துவிடுவீர்கள் என்ற நிலையில் குழந்தையோடு சோபாவில் சாய வேண்டாம். அப்படியே தூங்கிவிட்டால் குழந்தை இடுக்கில் சிக்கும் ஆபத்து இருக்கிறது.

கணவருக்கு ஒரு வார்த்தை: ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கு உரியது. இந்த நோயில் அதனால் பயன் இல்லை, வயிற்றுப்போக்கு வந்தால் உடலில் நீர் மேலும் குறையும். உங்கள் மருத்துவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஆஸ்பிரின் குழந்தைக்கு எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். வைரஸ் நோயின்போது அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்கு வழிவகுக்கக்கூடும். ஐபுபுரூஃபென் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம், உடலில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வாய் மரத்துப்போகும் ஜெல் எதையும் தடவ வேண்டாம். அவற்றில் சிலவற்றில் உள்ள பென்சோகெயின் என்ற மரக்கச் செய்யும் மருந்து இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடக்கூடும்.

அதே மருத்துவரிடம் உடனே ஓட வேண்டிய நேரங்கள் உண்டு. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழும்போது கண்ணீர் வரவில்லை, கண் குழிந்திருக்கிறது, உச்சிக்குழி பள்ளமாகத் தெரிகிறது என்றால் உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள். அப்போது வீட்டு முயற்சியை நிறுத்திவிட்டுப் புறப்படுங்கள். இந்த நோயைக் கொடுக்கும் வைரஸ்களில் என்டிரோ வைரஸ் 71 என்பது அரிதாக மூளையையும் நரம்புகளையும் தாக்கும். தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டுக் கை கால் உதறுவது, நடக்கும்போது தள்ளாடுவது, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் விழிக்காத அசதி, வேகமாக மூச்சு வாங்குவது, வலிப்பு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், இறங்கிய காய்ச்சல் மீண்டும் ஏறினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்ற நேரமெல்லாம் டயப்பர் நனைகிறதா என்று மட்டும் பாருங்கள். சாப்பிடாத குழந்தையும் வழக்கம்போலச் சிறுநீர் கழித்தால் ஓரளவு நிம்மதி கொள்ளலாம்.

தோலில் உள்ள கொப்புளங்களை உடைக்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டலாம், தளர்வான பருத்தி உடை போடலாம். டயப்பர் மாற்றிய ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆல்கஹால் கலந்த கைச் சுத்திகரிப்பான் இந்த வைரஸிடம் அவ்வளவாக எடுபடாது. புள்ளிகள் மறைந்த பின்னும் சில வாரங்களுக்கு மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும், ஆகையால் இந்தப் பழக்கத்தைச் சீக்கிரம் விட்டுவிட வேண்டாம். பெரியவர்களுக்கும் இது தொற்றலாம்.

ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து அவள் விரல் நகங்கள் அடியிலிருந்து கழன்று வருவதைப் பார்த்தால் பதற வேண்டாம். சில குழந்தைகளுக்கு இந்த நோய்க்குப் பின் அப்படி ஆவதுண்டு, வலிக்காது, கீழே புது நகம் வளர்ந்துகொண்டிருக்கும். பிடித்து இழுக்காமல், துணியில் மாட்டும் ஓரத்தை மட்டும் நறுக்கிவிடுங்கள்.