தொட்டில் பரணுக்குப் போன பிறகும் தவணையா?

கேள்வி: முதல் குழந்தை பிறக்க இன்னும் பத்து வாரம் இருக்கிறது. அலுவலகத்தாரும் நண்பர்களும் பரிசுப் பட்டியல் கேட்கிறார்கள். பெரிதாகக் கேட்கக் கூச்சப்பட்டு சட்டை, தொப்பி, பொம்மை என்று 40 உருப்படி எழுதியிருக்கிறேன். தானாக ஆடும் ஸ்மார்ட் தொட்டில், ஸ்ட்ரோலர், கார் சீட் மூன்றையும் கிரெடிட் கார்டில் 18 மாதத் தவணையில் ஆர்டர் செய்துவிட்டோம். "முதல் குழந்தைக்குப் போய் கணக்குப் பார்ப்பார்களா?" என்று நாத்தனார் கேட்டதும் மறுக்க முடியவில்லை. வருமானத்தில் 30 சதவீதம் வீட்டுக் கடனுக்குப் போகிறது. புதுத் தவணை 8 சதவீதம். ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுப்பேன். வேறு என்ன வாங்க வேண்டும்?

பதில்: வேறு எதுவும் வாங்காதீர்கள்.

உங்கள் பட்டியல் தலைகீழாக இருக்கிறது. மற்றவர்கள் கொடுக்கக்கூடியதை நீங்கள் கடனில் வாங்குகிறீர்கள். யாரும் கேட்காமலேயே வந்து குவியும் சட்டைகளைப் பட்டியலில் எழுதுகிறீர்கள். இருவர் வருமானமும் சேர்த்து 100 என்றால், இப்போது கடனுக்கு 38. சமாளிக்கலாம். விடுப்பில் வருமானம் 60 ஆகிவிட்டால்? அதே 38 கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. மீதி 22-இல்தான் சாப்பாடு, மருத்துவர், டயாப்பர் எல்லாம். ஒரு தவணை தவறி கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்று ஏற ஆரம்பித்தால், ஆண்டுக்கு 36-ஐத் தாண்டும்.

அந்தத் தொட்டிலை மட்டும் கொஞ்சம் பாருங்கள். குழந்தை கையை ஊன்றி எழ ஆரம்பித்தால் அதில் படுக்க வைக்கக் கூடாது. சுமார் ஆறு மாதத்தில் அது பரணுக்குப் போய்விடும். தவணை இன்னும் ஒன்பது மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கும். குழந்தைக்குத் தேவை கெட்டியான, சமமான படுக்கை. தலையணையோ தொட்டிலின் உள்பக்கம் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்போ கூட வேண்டாம். அந்தத் தடுப்பு மெத்தைகளை அமெரிக்கா 2022-இல் தடையே செய்துவிட்டது. எங்கள் வீட்டிலும் ஈரத் துடைப்பான் சூடாக்கும் பெட்டி ஒன்று வந்தது. இப்போது அதன் மேல் போன் சார்ஜ் ஆகிறது.

சரி, பட்டியலை மாற்றி எழுதுங்கள். முதல் வரியில் கார் சீட். அலுவலகத்தார் பத்துப் பேர் சேர்ந்து தரட்டும். அது புதிதாகவே இருக்க வேண்டும். பழையது விபத்தில் சிக்கியதா என்று நமக்குத் தெரியாது, காலாவதித் தேதியும் உண்டு. ஸ்ட்ரோலர் கைமாறி வந்தால் பிரேக்கையும் மடிப்புப் பூட்டையும் சோதித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் டயாப்பர். ஆரம்பத்தில் ஒரு நாளைக்குப் பத்து என்றால் மாதம் 300. ஆனால் பிறந்த குழந்தை அளவில் பெட்டி பெட்டியாகக் கேட்காதீர்கள், சில வாரங்களிலேயே அது இறுக்கமாகிவிடும். அடுத்த இரண்டு அளவுகளையும் எழுதுங்கள். உடையா? பட்டியலில் ஒன்றுகூட வேண்டாம்.

நாத்தனாரிடம் பட்டியலைக் கொடுத்து, அவருக்குப் பிடித்த ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று சொல்லுங்கள். ஆசை அவருடையது என்றால் பில்லும் அவருடையதாக இருக்கலாம், தவறில்லை. மூன்று பொருளில் எது இன்னும் வீட்டுக்கு வரவில்லையோ, அதை இன்றே ரத்து செய்யுங்கள். செயலாக்கக் கட்டணம் திரும்பி வராது என்பார்கள். போகட்டும்.