தம்பி ஐபிஎல் ஏலத்தில் 1.60 கோடிக்குப் போனான், வீட்டுக்கடன் வாங்கலாமா?

கேள்வி: நாமக்கல் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா லாரி ஓட்டுகிறார்; சொந்த லாரிதான், அதன் மேல் இன்னும் 6 லட்சம் கடன் இருக்கிறது. நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. 23 வயதுத் தம்பி வேகப்பந்து வீச்சாளர். மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் ஒன்பது ஆட்டங்கள் ஆடியிருக்கிறான். இந்த முறை ஐபிஎல் ஏலத்தில் 1.60 கோடிக்கு எடுத்திருக்கிறார்கள். 80 லட்சம் வங்கிக் கடனுடன் வீடு, 35 லட்சத்தில் கார் என்று திட்டம். ஆண்டுக்கு 20 லட்சம் வீதம் பத்து ஆண்டுகள் கட்டும் காப்பீட்டுத் திட்டத்தில் சேரச் சொல்லி வங்கி மேலாளர் வீட்டுக்கே வந்தார். "இன்னும் பதினைந்து வருஷம் ஆடுவேன் அக்கா" என்கிறான் தம்பி. வருமான வரியை அணியே பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். எங்கள் திட்டம் சரிதானா?

பதில்: தம்பிக்கு என் வாழ்த்துகள். வீட்டில் இனிப்பு தீர்வதற்குள் கசப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரியிலிருந்து தொடங்குகிறேன், அவசரம் அங்கேதான். அணி பிடிப்பது 10 சதவீதம், அதாவது 16 லட்சம். அதோடு வரி முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வேறு வருமானமோ கழிக்கத்தக்க செலவோ இல்லை என்று வைத்துக்கொண்டால், புதிய வரி முறையில் 1.60 கோடிக்கு வரி, அதன் மேல் 15 சதவீத கூடுதல் வரி, 4 சதவீத செஸ் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 52 லட்சத்து 38 ஆயிரம் வருகிறது. பிடித்த 16 லட்சம் போக, 36 லட்சத்துக்கு மேல் தம்பி கையிலிருந்து கட்ட வேண்டும். அதுவும் அடுத்த ஆண்டு ஜூலைவரை காத்திருக்க முடியாது. முன்கூட்டிய வரியின் முதல் தவணை ஜூன் 15, அடுத்தவை செப்டம்பர், டிசம்பர், மார்ச். தவறினால் மாதம் ஒரு சதவீத வட்டி. நீங்கள் காருக்கு ஒதுக்கிய 35 லட்சம் உண்மையில் அரசாங்கத்தின் பணம்.

பயிற்சியாளர், பிசியோ, காலணி, ஏஜென்ட் கமிஷன் போன்ற தொழில் செலவுகளைக் கழிக்கலாம், ரசீது வேண்டும். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி பற்றியும் ஆடிட்டரிடம் கேளுங்கள். ஒப்பந்தத் தொகை ஜிஎஸ்டியையும் சேர்த்ததா, அது தனியா என்று கையெழுத்துக்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பதினைந்து வருடம். உங்கள் பக்கத்து மாவட்டக்காரர், சின்னப்பம்பட்டி நடராஜனின் கணக்கைப் பாருங்கள். 2017 ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த ஆண்டே ஹைதராபாத்துக்கு அவர் போனது 40 லட்சத்துக்கு. 2018, 2019 இரண்டு சீசன்களிலும் ஓர் ஆட்டம்கூட இறக்கவில்லை. 2020இல் யார்க்கர்களாக வீசி 16 விக்கெட் எடுத்தார். பயிற்சியில் மட்டும் பந்து வீசும் வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பிரிஸ்பேன் டெஸ்ட் வெற்றியில் அவரும் இருந்தார். ஊரே ரதத்தில் ஏற்றி அழைத்து வந்தது. ஆனால் 2021 சீசனிலும் ஒப்பந்த விலை அதே 40 லட்சம்தான், அணிகளைப் புதிதாக அமைக்கும் பெரிய ஏலம் வரும்வரை அது மாறாது. அந்த ஏப்ரலிலேயே முழங்காலில் அறுவை சிகிச்சை. 2022இல் 4 கோடி, 2025இல் டெல்லி கொடுத்தது 10.75 கோடி, அந்த சீசனில் அவர் ஆடியது இரண்டே ஆட்டம்.

இன்னொன்றையும் கூட்டிப் பார்த்தேன். இந்தியாவுக்காக அவர் ஆடியது ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20. கிரிக்கெட் வாரியத்தின் ஆட்டக் கட்டணம் முறையே 15, 6, 3 லட்சம். மொத்தம் 39 லட்சம், வரிக்கு முன். நாட்டுக்காக ஆடிய ஏழு ஆட்டங்களுக்கும் சேர்த்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு சீசனின் ஒப்பந்த விலைகூட வரவில்லை.

3 கோடி, 40 லட்சம், 4 கோடி, 10.75 கோடி. இந்த வரிசையில் எந்த ஆண்டை நம்பி மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போடுவீர்கள்? இத்தனைக்கும் நடராஜன் மீண்டு வந்தவர். 2004 பாகிஸ்தான் பயணத்தில் நம் லட்சுமிபதி பாலாஜியின் சிரிப்பை எல்லைக்கு அப்பாலும் கொண்டாடினார்கள்; முதுகுக் காயம் குறுக்கே வர, எட்டு டெஸ்டோடு முடிந்தது. பாட் கம்மின்ஸ் 2011இல் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். இளம் வேகப்பந்து வீச்சாளரின் கீழ்முதுகு எலும்பு முழுமையாக இறுகுவதற்கு முன்பே ஒவ்வொரு பந்துக்கும் முறுக்கி வளைக்கப்படுகிறது. விரிசல் விழுந்தால் மாதக்கணக்கில் ஓய்வுதான் மருந்து. உங்கள் தம்பிக்கு வயது 23.

ஏலத் தொகை ஒரு சீசனின் சம்பளம். சீசன் முழுவதும் தயாராக இருந்தால் ஆடாவிட்டாலும் அது வரும். சீசன் தொடங்குமுன்பே காயத்தால் விலகினால் அணி தர வேண்டியதில்லை. வாரியத்தின் மத்திய ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குக் காப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு, தம்பி அந்தப் பட்டியலில் இல்லை.

ஆக, ஐபிஎல் இல்லாத ஆண்டில் என்ன வரும் என்பதே உங்கள் அடிப்படைக் கணக்கு. இருபது ஆட்டம்வரை ஆடியவருக்கு ரஞ்சியில் நாளொன்றுக்கு 40 ஆயிரம். நான்கு நாள் நடக்கும் ஏழு லீக் ஆட்டங்களிலும் இறங்கினால் 11.20 லட்சம். 80 லட்சம் கடனுக்கு எட்டரை சதவீத வட்டியில், 15 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 79 ஆயிரம். ஆண்டுக்கு ஒன்பதரை லட்சம். ரஞ்சிப் பணம் அப்படியே வங்கிக்குப் போய்விடும், முதுகு ஒத்துழைத்தால்.

காப்பீட்டுத் திட்டத்தை உடனே மறுத்துவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முன்னாள் பந்துவீச்சாளர் என் அலுவலகத்துக்கு வந்தார். இடது காலை நீட்டி வைத்துத்தான் நாற்காலியில் உட்கார முடிந்தது. பையிலிருந்து ஒரு பாலிசிப் பத்திரத்தையும் பிரீமியம் நினைவூட்டல் கடிதங்கள் நான்கையும் எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினார். ஆண்டுக்கு 5 லட்சம் வீதம் இரண்டு ஆண்டுகள் கட்டியிருந்தார். மூன்றாம் ஆண்டு தொடையிடுக்கில் காயம், ஒப்பந்தம் இல்லை. சரண்டர் செய்தபோது, கட்டிய 10 லட்சத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. வருமானம் ஒழுங்காக வராதவர் ஒழுங்காகக் கட்டவேண்டிய எதிலும் சேரக்கூடாது.

வரி போக மிஞ்சுவது ஒரு கோடியே ஏழு லட்சம் அளவில். முதலில் அப்பாவின் லாரிக் கடனை அடையுங்கள். அதைவிட நல்ல முதலீடு இப்போது உங்களுக்கு இல்லை. மூன்று ஆண்டுக் குடும்பச் செலவை வங்கி வைப்பில் போடுங்கள். பயிற்சிக்கும் சிகிச்சைக்கும் 15 லட்சம் தனியாக இருக்கட்டும். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும், தம்பிக்கு டேர்ம் பாலிசியும் (உயிருக்கு மட்டுமான காப்பீடு) எடுங்கள். இரண்டிலும் அவன் தொழிலை மறைக்காமல் எழுதுங்கள். விபத்துக் காப்பீடு எடுத்தால் விலக்குப் பட்டியலைப் படியுங்கள்; தொழில்முறை விளையாட்டில் படும் காயத்துக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. மீதியில் வீட்டுக்கு 30 லட்சம், கடன் இல்லாமல். இருக்கும் வீட்டின் மேல் ஒரு தளம் எழுப்பலாம். எஞ்சியதைப் பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் குறியீட்டு ஃபண்டில் ஒன்றரை ஆண்டுக்குப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். கார் அடுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு. இறங்கும் ஒவ்வோர் ஐபிஎல் ஆட்டத்துக்கும் ஏழரை லட்சம் தனியாக உண்டு. அதில் வரி போக வருவதில் தம்பி ஆசைப்பட்டதை வாங்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு இந்த ஆண்டே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெயர் செய்தித்தாளில் வரும்போது கேட்டால்தான் கதவு திறக்கும். உமேஷ் யாதவ் இந்திய அணியில் ஆடிக்கொண்டிருந்த 2017இல்தான் ரிசர்வ் வங்கியில் உதவி மேலாளர் பணியில் சேர்ந்தார். "கோடியில் சம்பாதிக்கிறவனுக்கு எதற்கு ஆபீஸ் வேலை" என்று உறவினர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முதல் தவணை வந்த அன்றே வரிக்கென்று தம்பி பெயரில் இன்னொரு கணக்கு தொடங்கி, வருவதில் கால் பங்கை அங்கே மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு உங்களிடம் இருக்கட்டும். உங்கள் வீட்டில் கணக்கு எழுதுகிறவர் நீங்கள்தான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.