முகம் சிவக்கிறது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 33. போன வருடம் வலது கண் மங்கலாகி, கோவையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது நரம்பின் மேலுறை தேய்கிற நோய் என்றார்கள். டைமெத்தில் ஃபியூமரேட் கேப்சூல் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் 120 மில்லிகிராம், இப்போது 240, காலையும் இரவும். காலையில் போட்ட அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் தக்காளியாகச் சிவந்து எரிகிறது. பிரேயரில் நிற்கும்போது பிள்ளைகளே "என்ன மிஸ் ஆச்சு?" என்கிறார்கள். வயிறும் பிசைகிறது. வெந்நீரில் குளித்தால் அந்தப் பழைய கண் மறுபடி மங்குகிறது. "இது சூட்டு மருந்து, விட்டுவிட்டு சீந்தில் கஷாயம் குடி" என்கிறார் மாமியார். ரத்தப் பரிசோதனைக்கு ஒவ்வொரு தடவையும் கோவை போக வேண்டுமா, உடம்பு பழகிவிட்டால் தேவையில்லைதானே என்கிறார் கணவர். நிறுத்திவிடட்டுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. நான் டாக்டர் இல்லை, குன்னூரில் மருந்துக்கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவன். அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொண்டு, முடிவை உங்கள் நரம்பியல் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கேப்சூலை எதோடு போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் மலையில் வேலைக்குப் போகிற பெண்களின் காலை எனக்குத் தெரியும். ஒரு டீ, இரண்டு வர்க்கி, ஓடிப்போய் பஸ். இந்த மருந்துக்கு அது சாப்பாடே இல்லை. முட்டை, வேர்க்கடலைச் சட்னியோடு இட்லி என்று கொழுப்பும் புரதமும் உள்ளதாக வயிறு நிறையச் சாப்பிட்டு, அதோடு கேப்சூலைப் போட்டுப் பாருங்கள். சிவப்பும் குறையும், வயிற்றுப் பிசைவும் குறையும். கேப்சூலைப் பிரித்துத் தயிரில் கொட்டிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. செய்யாதீர்கள். உள்ளே இருக்கிற குட்டி மாத்திரைகள் இரைப்பையைத் தாண்டிக் குடலில் கரைவதற்கென்றே பூச்சு போட்டவை. மென்றாலும் நசுக்கினாலும் அந்தப் பூச்சு போய்விடும்.

சிவப்பு உங்களுக்கு மட்டும் வருவதில்லை. இந்த மருந்தைச் சோதித்தபோது 100-க்கு 40 பேருக்கு வந்தது. அதற்காக மருந்தையே விட்டவர்கள் 100-க்கு 3 பேர்தான். தோலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அவ்வளவுதான். பெரும்பாலும் முதல் மாதத்தோடு அடங்கிவிடும். அடங்காவிட்டால், கேப்சூலுக்கு அரை மணி முன்னால் ஆஸ்பிரின் கொடுக்கிற டாக்டர்கள் உண்டு. சில வாரத்துக்கு அளவைக் குறைத்து, மறுபடி ஏற்றுகிறவர்களும் உண்டு. ஆஸ்பிரினை நீங்களாக என்னைப் போன்ற கடைக்காரரிடம் வாங்கிப் போட வேண்டாம், ஏற்கெனவே வயிறு பிசைகிறது என்கிறீர்கள். ஆனால் உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு திணறினால் அது வேறு விஷயம், ஒவ்வாமை. அப்போது அடுத்த கேப்சூலைத் தொடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கண் மங்குவதைக் கேப்சூலின் தலையில் கட்டாதீர்கள். உடம்பு சூடானால், உறை தேய்ந்த நரம்பில் செய்தி ஓடுவது தடுமாறும். ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே இதை எழுதி வைத்தார். ஸ்கேன் வராத காலத்தில், சந்தேகம் உள்ளவர்களை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தே இந்த நோயைச் சோதித்திருக்கிறார்கள்! நம் ஊர்க் குளிரில் ஜன்னலை அடைத்துக்கொண்டு, ஆவி பறக்கக் குளித்தால் நடக்காமல் என்ன செய்யும்? வெதுவெதுப்பான நீர் போதும். குஞ்சப்பனை தாண்டி மேட்டுப்பாளையத்து வெயிலில் இறங்கும்போதும் இதே மாதிரி மங்கலாம். உடம்பு ஆறினதும் பார்வை திரும்பிவிட்டால் நோய் முற்றுகிறது என்று பயப்பட வேண்டாம். ஒரு நாள் முழுக்க மங்கலாகவே இருந்தாலோ, புதிதாகக் கை கால் மரத்தாலோ டாக்டருக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள்.

இப்போது உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன், எனக்குக் கவலை அங்கேதான். சிவப்பும் எரிச்சலும் ஊருக்கே தெரிகிறது, ஆனால் அதனால் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் செய்யக்கூடியதோ உங்களுக்கே தெரியாது. இந்த மருந்து லிம்போசைட் என்கிற வெள்ளை அணுக்களைக் குறைக்கும். குறையும்போது வலியும் வராது, காய்ச்சலும் வராது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போய் ஆறு மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றால் மருந்தை நிறுத்துவது பற்றி டாக்டர் யோசிக்க வேண்டிவரும். ஏனென்றால் அந்த நிலையில் பி.எம்.எல். என்ற மூளைத் தொற்று வரலாம். மிக அரிது, ஆனால் வந்தால் மோசம். ஆகவே "உடம்பு பழகிவிட்டது, டெஸ்ட் எதற்கு" என்பதுதான் எனக்கு மாமியாரின் கஷாயத்தை விடப் பயமாக இருக்கிறது. கல்லீரல் பரிசோதனையும் இதோடு சேர்த்துத்தான்.

இதற்காக ஒவ்வொரு தடவையும் மலை இறங்க வேண்டுமா? மூன்று மாதமா ஆறு மாதமா என்பதை டாக்டர் சொல்வார். ரத்தத்தைக் கோத்தகிரியிலேயே எடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். சில லேப்களில் லிம்போசைட்டைச் சதவீதமாக மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். மொத்த வெள்ளை அணு 4,000, லிம்போசைட் 15 சதவீதம் என்றிருந்தால் 600. சதவீதத்தை மட்டும் பார்த்தால் இது புரியாது, பெருக்கிப் பார்க்க வேண்டும். கணக்கு டீச்சரோ தமிழ் டீச்சரோ, ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வாருங்கள்.

சீந்தில் வேண்டாம். எதிர்ப்பு சக்தி தன் நரம்பையே தாக்குவதுதான் இந்த நோய். அதைக் கூட்டுவதாகச் சொல்லும் கஷாயத்தை எதற்குக் குடிக்க வேண்டும்? அதோடு கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மாமியாரிடம் இதைச் சண்டையாக்காதீர்கள், "ரத்த டெஸ்ட் முடியட்டும் அத்தை" என்று தள்ளிப்போடுங்கள். அப்புறம், குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்தான், அதற்கு வாரம் ஒருமுறை இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி போடுகிறேன். போட்ட இரவு காய்ச்சலும் உடம்பு வலியும். கொடைக்கானல் குளிருக்கு ஃபிரிட்ஜ் எதற்கு, ஜன்னலோரம் வைத்தால் போதாதா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: போதாது சார். ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கொடையில் மதிய வெயில் அதைத் தாண்டிவிடும். மார்கழி இரவிலோ உறைபனி விழுகிறது. உறைந்த ஊசி வீண். பார்க்க நல்லதாகவே இருக்கும், அதுதான் சிக்கல். ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரை ஒட்டி வேண்டாம். போடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள், அடுப்புப் பக்கம் காட்ட வேண்டாம்.

காய்ச்சலுக்கு, டாக்டர் சம்மதித்தால், ஊசிக்கு முன்பே ஒரு பாராசிட்டமால். மறுநாள் லீவு இருக்கிற இரவாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். சில மாதங்களில் பெரும்பாலோருக்கு இது குறைந்துவிடும். இன்னொன்று, மனசு காரணமில்லாமல் சோர்ந்து போனால் மூடுபனி மேல் பழியைப் போடாதீர்கள். இந்த ஊசி மனச்சோர்வைக் கொண்டுவரலாம். வீட்டில் ஒருவரிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள், உங்களுக்கு முன்னால் அவருக்குத்தான் அது தெரியும்.