துருத்திக் கமராவுக்குத் தேங்காய் எண்ணெயா?

கேள்வி: அப்பப்பாவின் அலுமாரியில் தோலுறையோடு ஒரு மடிப்புக் கமரா கிடந்தது. அக்ஃபா இசொலெட் என்று எழுதியிருக்கிறது. பட்டனை அழுத்தினால் லென்ஸ் துருத்தியோடு வெளியே வருகிறது, ஆனால் தூரம் வைக்கிற வளையம் அசைய மாட்டேன் என்கிறது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடலாமா? இதில் இன்னும் படம் எடுக்கலாமா?
(ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: எடுக்கலாம். ஆனால் எண்ணெயைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், ஷட்டர் தகட்டில் ஒரு துளி பரவினாலும் அது ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். வளையம் இறுகியது பெரும்பாலும் துருவால் இல்லை. மியூனிக் தொழிற்சாலையில் அன்று பூசிய கிரீஸ் இத்தனை வருடத்தில் பச்சைக் கோந்தாகக் காய்ந்து வளையத்தின் திருகுமறையைப் பிடித்திருக்கும், இசொலெட் வைத்திருப்பவர்கள் பலருக்கும் இதே கதைதான். பலமாகத் திருகினால் முன்கண்ணாடியோடு அதற்கடுத்த கண்ணாடியும் சேர்ந்து சுழலும், நீங்களும் வளையம் இளகிவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள், படமெல்லாம் மங்கலாக வரும். மணிக்கூடு திருத்துகிற நல்ல கை ஒன்றைப் பிடித்து, லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலால் கரைக்கச் சொல்லுங்கள். கழற்றுமுன் வளையம் நிற்கும் இடத்தைப் போனில் படம் எடுத்துவைப்பது முக்கியம்.

அப்புறம் துருத்தி. அக்ஃபாவின் பலவீனமே இதுதான் (அதே காலத்து இன்னொரு மடிப்புக் கமராவான சைஸ் இக்கோன் நெட்டாரில் துருத்தி பெரும்பாலும் இன்னும் நன்றாகவே இருக்கும், பொறாமைதான்). இருட்டறையில் பின்மூடியைத் திறந்து, போன் டோர்ச்சை உள்ளே பிடித்து மடிப்பு மூலைகளைப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் ஒன்றிரண்டு தெரிந்தால் கறுப்புத் துணிப் பெயிண்ட் தொட்டு வைத்துச் சமாளிக்கலாம், மூலைக்கு மூலை பொத்தல் என்றால் புதுத் துருத்திதான்.

பிலிம் 120 ரோல், 6x6 சென்டிமீட்டரில் 12 படம். பின்னால் சிவப்பு ஜன்னலில் எண்ணைப் பார்த்துத்தான் சுற்ற வேண்டும். வெயிலில் அந்த ஜன்னலைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தி லென்ஸை வெளியே வரவிட்ட பிறகு பிலிமைச் சுற்றுங்கள், சுற்றிவிட்டு லென்ஸை வெளியே விட்டால் துருத்தி காற்றை இழுக்கிற வேகத்தில் பிலிம் வளைந்துபோகும். கல்லடிக் கடற்கரையின் நல்ல வெயிலில் 100 ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) பிலிமுக்கு ஷட்டர் வேகம் 1/200 செக்கன், லென்ஸ் துளை எஃப் 11 சரி, மணல் கண்ணைக் கூசினால் எஃப் 16.

கேள்வி: என்னுடைய பழைய கமராவின் லென்ஸில் பூஞ்சணம். தோலுறைக்குள் பத்திரமாகத்தானே வைத்திருந்தேன்?
(ஒரு வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: அந்த உறைதான் வினை. மாரி ஈரத்தைத் தோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கமராவை வெளியே எடுத்து, இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உறையைத் தனியாகக் காயவிடுங்கள்.